வட்டம் முடியும்வரை பார்க்கவிடுங்கள்

சில வாரங்களுக்கு முன் மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் நாலாம் ஆண்டில் படிக்கும் சிறுவன் ஒருவன் தன் சுற்றாடல் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினான். வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கை வட்டத்தை அழகாகக் கீறியிருந்தான். முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறைவுடலி என்று நான்கு படங்கள். நான்கிற்கும் இடையே அம்புக்குறிகள். மூலையில் ஆசிரியை சிவப்பு மையால் இட்ட சரி.

பத்து நிமிடம் கழித்து அதே சிறுவன் ஆலய வளவிலுள்ள தேசிமரத்தடியில் தடியோடு நின்றான். இலையில் இருந்த பச்சைப் புழு ஒன்றைத் தட்டி விழுத்தி, காலால் மிதித்தும் விட்டான்.

“ஏன் தம்பி அதைக் கொன்றனீர்?”

“அது மயிர்க்கொட்டி, சுவாமி. பட்டால் கடிக்கும்.”

“உம்முடைய கொப்பியில் இரண்டாவதாகக் கீறியிருக்கிறீரே, அது என்ன?”

சற்று யோசித்தான். “அது படம், சுவாமி. இது புழு.”

பிள்ளையில் குற்றமில்லை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு நான்கு படியையும் வரிசை தவறாமல் சொன்னால் போதும். பாடசாலை, பின்னேரம் ரியூசன், இரவு வீட்டு வேலை என்று ஓடும் பிள்ளைக்கு மரத்தடியில் நின்று பார்க்க நேரம் ஏது? ஆனால் படத்தில் இருப்பதும் மரத்தில் இருப்பதும் ஒன்றுதான் என்று அறியாத அறிவு எப்படிப்பட்ட அறிவு? அதைப் புகட்ட வேண்டியவர்கள் ஆசிரியர்கள் மட்டுமல்லர், பெற்றோராகிய நீங்களுமே.

அதற்குப் பணமோ கருவிகளோ வேண்டியதில்லை. ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஓர் உயிரின் வட்டத்தைத் தொடக்கம் முதல் மறுதொடக்கம் வரை, அதன் வேகத்திலேயே, ஒரு முறையாவது தன் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். யாழ்ப்பாணத்து வளவுகளில் இதற்கு வேண்டியதெல்லாம் உண்டு. குறுகிய வட்டத்தில் தொடங்கி நீண்ட வட்டம் வரை ஐந்து பாடங்களை இங்கே தருகின்றோம்.

பத்து நாட் பாடம்: நுளம்பு

மாரி மழை தொடங்கியதும் கோடிப்புறத்தில் கிடக்கும் சிரட்டை, பழைய ரயர், பூச்சாடித் தட்டு ஆகியவற்றைப் பிள்ளையோடு சென்று பாருங்கள். தேங்கிய நீரில் சிறு புழுக்கள் நெளிவதைக் காண்பீர்கள். அந்த நீரோடு சிலவற்றைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து, வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டி வையுங்கள். இது தகப்பனின் பொறுப்பில் நடக்கட்டும்.

புழுக்கள் தலைகீழாகத் தொங்கி, வால் நுனியிலுள்ள குழாயை நீர்மட்டத்திற்கு நீட்டி மூச்சு விடுவதைப் பிள்ளை காணும். போத்தலை அசைத்தால் அவை அடியை நோக்கி ஓடும். சில நாட்களில் அவை காற்புள்ளி போல வளைந்த வேறு உருவம் பெறும். அதுவே கூட்டுப்புழு. அது ஒன்றும் உண்ணாது, ஆனால் நீந்தும். ஓரிரு நாட்களில் அதன் முதுகு வெடித்து நுளம்பு வெளியே வரும். பார்த்து முடிந்ததும் துணியை அவிழ்க்காமலே போத்தலை நடுவெயிலில் வைத்து, எல்லாம் செத்த பின் நீரை உலர்ந்த மணலில் ஊற்றிவிடுங்கள்.

“ஊத்தைத் தண்ணியில் நுளம்பு தானாக உண்டாகும்” என்று பெரியவர்களே சொல்வதுண்டு. அழுகலிலிருந்து பூச்சிகள் தாமாகப் பிறக்கின்றன என்றுதான் அரிஸ்தோத்திலும் அவருக்குப் பின் வந்த கற்றோரும் பல நூற்றாண்டுகளாக நம்பினர். இத்தாலிய மருத்துவரான பிரான்செஸ்கோ ரெடி 1668இல் இறைச்சித் துண்டுகளைச் சாடிகளில் இட்டு, சிலவற்றைத் திறந்தும் சிலவற்றைத் துணியால் மூடியும் வைத்தார். திறந்த சாடிகளில் புழு வந்தது. மூடியவற்றின் இறைச்சியில் வரவில்லை. ஈ முட்டையிட்டதால்தான் புழு வந்தது என்பது வெளியாயிற்று. பெரிய ஞானிகளின் தவறைத் திருத்த ஒரு துண்டுத் துணி போதுமாயிருந்தது என்பதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

இந்த வட்டத்தைக் கற்பது அதை அறுப்பதற்காக. 2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாகினர். 400 பேருக்கு மேல் இறந்தனர். டெங்கு நுளம்பு நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கிறது. நீர் வற்றினாலும் அம்முட்டைகள் மாதக்கணக்கில் சாகாமல் இருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே நீரை ஊற்றினால் மட்டும் போதாது. சுவரைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். முட்டை நுளம்பாவதற்கு ஒரு கிழமை முதல் பத்து நாள் வரை செல்வதால், கிழமைக்கு ஒரு முறை வளவைத் துப்புரவாக்கும் வீட்டில் வட்டம் நிறைவு பெறுவதில்லை. மலேரியா நுளம்பைப் பொறுத்தும் அதன் வழிகளை அறிந்து, நோயாளரைக் கண்டுபிடித்து மருந்து கொடுத்த உழைப்பினாற்றான் 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

இருபத்தொரு நாட் பாடம்: அடைக்கோழி

கோழியை அடை வைக்கும் வழக்கம் பல வீடுகளில் அருகி வருகிறது. இடமுள்ளவர்கள் பிள்ளைகளுக்காகவாவது ஒரு முறை அதைச் செய்யலாம். கடையில் வாங்கும் பண்ணை முட்டை இதற்கு உதவாது. சேவலோடு திரியும் கோழியின் முட்டையே பொரிக்கும்.

அடை வைத்து ஏழாம் நாள் இரவு, இருட்டறையில் முட்டையை ரோச் லைற்றின் முன் பிடித்துக் காட்டுங்கள். கருவுள்ள முட்டையில் சிவந்த நரம்புகள் சிலந்தி வலை போலப் பரந்து நிற்கும். கருவற்றது வெறுமையாகத் தெரியும். தாய்க்கோழி முட்டைகளை அடிக்கடி புரட்டிவிடுவதையும், தீன் தின்ன எழுந்தாலும் விரைந்து திரும்புவதையும் பிள்ளை கவனிக்கட்டும். இருபத்தோராம் நாளளவில் குஞ்சு தன் அலகின் நுனியிலுள்ள சிறு கூர்மையால் கோதை உடைக்கும். அந்தக் கூர்மை சில நாட்களில் விழுந்துவிடும். வெளிவருவதற்கு முன்பே மஞ்சட்கருவின் மிகுதி குஞ்சின் வயிற்றினுள் சேர்ந்துவிடுவதால் முதல் நாள் தீன் இல்லாமலும் அது பிழைக்கும்.

எல்லா முட்டையும் பொரிப்பதில்லை. ஒன்றிரண்டு கூழ்முட்டையாகும். சில குஞ்சுகள் கோதுக்குள்ளேயே இறந்துவிடும். இதைப் பிள்ளை காணாதபடி ஒளித்து எறிந்துவிடாதீர்கள். கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

இந்தப் பாடத்தில் இன்னொரு கேள்வியும் வரும். “அம்மா, நானும் இப்படியா வந்தனான்?” இதைக் கேட்டதும் அதட்டி வாயை மூடுகின்ற வீடுகள் பல. தவிட்டுக்கு வாங்கினோம் என்று பகிடி சொல்லுகின்ற வீடுகளும் உண்டு. “குஞ்சு முட்டைக்குள் வளர்ந்தது, நீ என் வயிற்றுக்குள் வளர்ந்தாய், பத்து மாதம் காத்திருந்தோம்” என்று தாய் சொன்னால் அந்த வயதிற்கு அது போதும். கேட்ட அளவிற்கு, உண்மையாக, வெட்கமின்றிச் சொல்லப்பட்ட பதிலைப் பெற்ற பிள்ளை அடுத்த கேள்வியையும் தாயிடமே கொண்டுவரும். பெறாத பிள்ளை வேறெங்கோ கேட்கும். இன்று கைத்தொலைபேசியிடமும் கேட்கும்.

ஒரு மாதப் பாடம்: வண்ணத்துப்பூச்சி

தேசி, தோடை, கறிவேப்பிலை, விளாத்தி ஆகியவற்றின் இளந்தளிர்களைக் காலையில் பாருங்கள். கடுகளவான வெளிர்மஞ்சள் உருண்டை தனித்தனியே ஒட்டியிருந்தால் அது தேசி வண்ணத்துப்பூச்சியின் முட்டையாக இருக்கலாம். கறுப்பும் மஞ்சளும் கலந்த சிறகோடு நம் வளவுகளில் வேகமாகப் பறந்து திரிவது அதுவே.

மூன்று நான்கு நாட்களில் முட்டை பொரிக்கும். இளம்புழு கறுப்பும் வெள்ளையுமாகப் பறவையின் எச்சம் போலக் காணப்படும். பறவைகள் அதை எச்சமென்று விட்டுவிடும். தோல் கழற்றிக் கழற்றி வளர்ந்து கடைசியில் பச்சை நிறமாகி இலையோடு இலையாக மறையும். மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறமான இரட்டைக் கொம்பு ஒன்றை நீட்டிக் காரமான மணத்தை விடும். அது எதிரியை விரட்டுவதற்காக. அந்தச் சிறுவன் மிதித்தது இதைத்தான். இதில் மயிருமில்லை, கடியுமில்லை. முருங்கையில் கூட்டமாக ஏறும் மயிர்க்கொட்டி வேறு. அதைத் தொடலாகாது. இரண்டையும் வேறுபடுத்தப் பிள்ளைக்குக் காட்டிக்கொடுங்கள்.

இரண்டு வாரமளவில் புழு இலை தின்பதை நிறுத்தி, கொப்பொன்றில் நூலால் தன்னை இடுப்பிற் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். பிள்ளைக்குப் பொறுமை போவது இங்கேதான். பத்து நாளளவில் ஒன்றும் நடவாதது போலத் தோன்றும். உண்மையில் உள்ளே புழுவின் உடலில் பெரும்பகுதி கரைந்து புதிதாகக் கட்டப்படுகிறது. சிறகுகளின் மூலமோ புழுவாய் இருக்கும்போதே உடலுக்குள் சிறு முளையாக இருந்தது. கூடு வெடித்ததும் வண்ணத்துப்பூச்சி கசங்கிய ஈரச் சிறகோடு தொங்கி, சிறகுக்குள் நீரைச் செலுத்தி விரித்து உலர்த்தும். இரக்கப்பட்டுக் கூட்டைக் கிழித்துவிடப் போனால் சிறகு விரியாமலே போய்விடக்கூடும். உதவாமல் காத்திருப்பதே உதவியாகும் சமயமும் உண்டு என்பதைப் பிள்ளை இங்கே கற்கும்.

சில வேளை கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகச் சிறு குளவி வரும். குளவியின் முட்டை முன்னரே உள்ளே இடப்பட்டிருந்தது என்பதே காரணம். பிள்ளை அழுதால் அழட்டும். அந்தக் குளவிகளும் இல்லையென்றால் நம் தேசிமரத்தில் இலையே மிஞ்சாது என்பதைப் பிறகு சொல்லுங்கள்.

ஜேர்மனியின் பிராங்பேட் நகரில் 1660ஆம் ஆண்டளவில் மரியா சிபில்லா மேரியான் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுமி பட்டுப்புழுக்களை வளர்த்துப் பார்க்கத் தொடங்கினாள். பெரியவளானதும் தென் அமெரிக்காவின் சூரினாம் நாடுவரை சென்று, ஒவ்வொரு பூச்சியையும் அது உண்ணும் செடியோடு சேர்த்து வரைந்து 1705இல் நூலாக வெளியிட்டார். இந்தத் துறையில் அவர் பெயர் இன்றும் மதிக்கப்படுகிறது. தொடக்கம் வீட்டிற்குள்தான்.

நம் ஞாயிறு மறையுரைகளில் இக்கூட்டைக் கல்லறைக்கு உவமையாக எடுப்பதுண்டு. உவமை நல்லதே. ஆனால் கூட்டுக்குள் இருப்பது பிணமல்ல, உயிர். உவமையையும் உண்மையையும் பிள்ளை குழப்பிக்கொள்ளாதபடி இரண்டையும் தனித்தனியே சொல்வது நேர்மை.

இரண்டு மாதப் பாடம்: பயறு

ஈரப் பஞ்சில் பயறு முளைக்கவிடாத பிள்ளை இல்லை. முளை வந்ததும் படம் கீறுவார்கள், பிறகு எறிந்துவிடுவார்கள். அது அரை வட்டம். நாலு முளையை நிலத்திலோ பழைய வாளியிலோ நடச் சொல்லுங்கள். ஒரு மாதத்திற்குச் சற்றுப் பின் மஞ்சள் பூ வரும். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் நெற்றுக் காயும். நெற்றை உடைத்துப் பயறுகளை எண்ணிக் கொப்பியில் எழுதட்டும். ஒன்று இட்ட இடத்தில் எத்தனை வந்தது? அவற்றில் ஒன்றை மறுபடி நட்டால் அன்றுதான் வட்டம் மூடுகிறது.

நூறு வருடப் பாடம்: பனை

கடைசிப் பாடம் நம்முடைய மரம். ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும். ஒரு பழத்தில் பொதுவாக மூன்று கொட்டை வரை இருக்கும். புரட்டாசியளவில் பாத்தி போட்டுக் கொட்டைகளை அடுக்கி மண்ணால் மூடுகிறோம். மாரி மழையில் அவை முளைக்கும்.

பெரும்பாலான விதைகளில் முளைக்குருத்து மேல்நோக்கி வரும். பனங்கொட்டையின் முளையோ முதலில் நிலத்திற்குள் இறங்குகிறது. கொட்டைக்குள் இருந்த சிறு கரு அந்தக் குழாய்வழியே கீழே கொண்டுபோகப்படுகிறது. மேலே கொட்டைக்குள் பஞ்சு போன்ற பூரான் வளர்ந்து, நுங்காயிருந்து கல்லாய் இறுகிய பருப்பைக் கரைத்து உறிஞ்சிக் கீழே அனுப்புகிறது. நாம் இனிப்பாகத் தின்னும் பூரானின் வேலை அதுதான். கீழே குருத்தைச் சுற்றி மாப்பொருள் சேர்ந்து கிழங்காகிறது. எல்லாம் இறங்கி முடிந்தபின் மேலே எஞ்சுவது வெறும் ஊமல். வறண்ட காலம் வருமுன் தன் உணவையும் குருத்தையும் ஆழத்தில் சேர்த்துவைக்கும் இம்மரம், யாழ்ப்பாணத்து மண்ணிற்கும் வெயிலிற்கும் எவ்வளவு பொருத்தமானது என்று பாருங்கள்.

மார்கழி, தையில் கிழங்கைக் கிண்டிப் புழுக்கியும், காயவைத்து ஒடியலாக்கியும் உண்கிறோம். அப்போது பிள்ளைக்கு ஒன்றைச் சொல்லுங்கள்: நாம் தின்பது ஒரு பனங்கன்று, அது தனக்கென்று சேர்த்த சாப்பாடு. தின்பதில் தவறில்லை. ஆனால் பாத்தியில் ஒன்றையாவது கிண்டாமல் விடுவது நியாயம்.

விட்டால் என்ன ஆகும்? முதலில் ஒற்றை ஓலை வரும். பல வருடம் அடிமரமே வெளியில் தெரியாமல் வடலியாக நிற்கும். பன்னிரண்டு முதல் இருபது வருடம் சென்று பாளை வந்த பிறகே அது ஆண்பனையா பெண்பனையா என்பது தெரியும். நுங்கும் பழமும் பெண்பனைக்கே உரியவை. அதன் பின் நூறு வயதையும் தாண்டி நிற்கக்கூடும். வடலி வளர்த்துக் கள்ளுக் குடிக்கிற கதை என்று நம்மவர் கேலி பேசுவது இந்தத் தாமதத்தைத்தான். ஆனால் நாம் நுங்கு குடித்த மரங்களும் நமக்கு முன் யாரோ கிண்டாமல் விட்ட கொட்டைகளே.

போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் எத்தனையோ பனைகள் வெட்டப்பட்டன. ஷெல் பட்டுத் தலையறுந்து நின்ற பனைகளை மூத்த பிள்ளைகளும் பெற்றோரும் மறந்திருக்க மாட்டார்கள். “முருங்கையை வெட்டினால் தழைக்கிறதே, தலைபோன பனை ஏன் தழைக்கவில்லை?” என்று பிள்ளை கேட்கலாம். பனைக்கு வளர்முனை ஒன்றே. அது உச்சிக் குருத்தில் இருக்கிறது. அது போனால் பக்கத்திலிருந்து தழைக்க வேறு முனை கிடையாது. நின்ற மரத்தை உயிர்ப்பிக்க வழியில்லை. புதிய கொட்டையை நடுவது ஒன்றே வழி. 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும், 2009இல் போர் முடிந்தபின் பாடசாலைகளும் சங்கங்களும் செய்துவரும் பனம்விதை நடுகையும் இந்த வழியிலேயே செல்கின்றன.

ஆண்டவர் மண்ணில் விழும் கோதுமை மணியைச் சொல்லித் தம் பாடத்தை விளக்கினார். கேட்டவர்கள் தினமும் கண்டது கோதுமை. நம் பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் பனங்கொட்டையில் இருக்கிறது. ஊமலைக் கையில் கொடுத்து, அதனுள் இருந்ததெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டுப் பாருங்கள்.

பெற்றோருக்குச் சில குறிப்புகள்

1. ஐந்தில் ஒன்றை மட்டும் தெரிந்தெடுங்கள். ஐந்தையும் தொடங்கி ஒன்றையும் முடிக்காமல் விடுவதில் பயனில்லை.

2. பிள்ளை ஒவ்வொரு நாளும் ஒரு வரி எழுதட்டும். ஒன்றும் நடவாத நாளில் “இன்று மாற்றமில்லை” என்று எழுதட்டும். அதுவும் கண்டதே.

3. பதில் தெரியாவிட்டால் “எனக்கும் தெரியாது, பார்ப்போம்” என்று சொல்லுங்கள். இதனால் உங்கள் மதிப்புக் குறையாது.

4. செத்ததை ஒளிக்காதீர்கள். வீட்டில் ஒரு மரணம் நேரும்போது பிள்ளை முதன்முதலாகச் சாவைச் சந்திப்பதாக இருக்கக்கூடாது.

5. பிள்ளையிடம் கேளுங்கள்: இந்த வட்டத்தில் எந்த இடத்தில் உயிர் மிகவும் எளிதாக அழியக்கூடும்? அந்த இடத்தில் நாம் என்ன செய்கிறோம்? அதைக் காக்கிறோமா, மிதிக்கிறோமா?

நாம் முதலிற் சொன்ன சிறுவன் இப்போது தேசிமரத்தில் இரண்டு முட்டைகளைக் கண்டுபிடித்திருக்கிறான். திருப்பலி முடிந்ததும் ஓடிப்போய்ப் பார்க்கிறான். ஒரு புழுவைக் காகம் கொண்டுபோய்விட்டதாக அவனுக்குச் சந்தேகம். மற்றது நேற்றுப் பச்சையாகிவிட்டது. கொப்பியிலுள்ள அம்புக்குறி ஒவ்வொன்றும் எத்தனை நாள் நீளம் என்று இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறான்.